இரத்தம் திரும்பி வரும் வழி

மருத்துவமனையில் ஊசி போட வரும் செவிலியர், "நரம்பு கிடைக்கவில்லை" என்று சொல்லிக்கொண்டே நோயாளியின் புறங்கையைத் தட்டித் தட்டிப் பார்ப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். "நரம்பு ஊசி", "நரம்பு புடைத்துவிட்டது", "காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது" என்பனவெல்லாம் அன்றாட வழக்குகள். உண்மையில் அச்செவிலியர் தேடுவது நரம்பை அன்று. சிரை எனப்படும் இரத்தக் குழாயையே தேடுகிறார். நரம்பு என்பது மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் கிளைத்து, உணர்ச்சியையும் கட்டளையையும் கடத்துகின்ற வெண்ணிற இழை. சிரை போல இரத்தத்தைச் சுமந்து செல்வது அதன் தொழிலன்று. யாழின் தந்தியையும் நம் முன்னோர் நரம்பு என்றே அழைத்தனர். தோலுக்கடியில் கயிறு போலத் தெரிவதெல்லாம் நரம்பு என்றாகிவிட்டது போலும்.

பெயர் மாறினால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். குறையத்தான் செய்கிறது. காலில் சிரை புடைத்த ஒருவர் அதனை நரம்புத் தளர்ச்சி என எண்ணிக்கொண்டு, நரம்புக்கு வலுவூட்டும் மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்குகிறார். மற்றொருவர் எண்ணெய் காய்ச்சித் தேய்த்து உருவி விடுகிறார். நோய் இருக்கும் இடம் வேறு. மருந்து தேடும் இடம் வேறு. இதற்கிடையில் ஆண்டுகள் கழிந்து, கணுக்காலுக்கு மேலே ஆறாத புண் ஒன்று தோன்றிவிடுகிறது. சிரை என்றால் என்ன, அதன் பணி யாது, அது பழுதடைவது எவ்வாறு என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

ஹார்வி கண்ட உண்மை

இதயம் ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 70 முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் இரத்தம் ஏறக்குறைய 70 மில்லிலிட்டர். பெருக்கிப் பார்த்தால் நிமிடத்திற்கு 5 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. வளர்ந்த மனிதன் உடலிலுள்ள இரத்தம் முழுவதுமே ஏறக்குறைய 5 லிட்டர்தான். அப்படியானால் நம் உடலின் இரத்தம் முழுவதும், ஓய்வாக அமர்ந்திருக்கும்போதுகூட, நிமிடத்திற்கு ஒருமுறை சுற்றி வந்துவிடுகிறது என்று ஆகிறது.

இன்று பள்ளிச் சிறுவனும் அறிந்த இவ்வுண்மையை மனித குலம் நெடுங்காலம் அறியவில்லை. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த காலன் என்னும் கிரேக்க மருத்துவர், உண்ட உணவிலிருந்து ஈரல் புதிது புதிதாக இரத்தத்தை உண்டாக்குகிறது என்றும், அது உறுப்புகளுக்குச் சென்று அங்கேயே செலவாகிவிடுகிறது என்றும் கற்பித்தார். வயலுக்குப் பாய்ச்சிய நீரை மண் உறிஞ்சிக்கொள்வது போன்ற கருத்து இது. இக்கருத்தே ஆயிரத்து நானூறு ஆண்டுகள் ஐரோப்பாவில் கோலோச்சியது.

இடையிடையே உண்மையின் ஒரு பகுதியைக் கண்டவர்கள் இல்லாமல் இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் கெய்ரோ நகரில் வாழ்ந்த அரபு மருத்துவர் இபின் அல் நஃபீஸ், இதயத்தின் வலப்பக்கத்து இரத்தம் நுரையீரல் வழியாகவே இடப்பக்கத்தை அடைகிறது என்று எழுதினார். ஸ்பெயின் நாட்டு மிகுவேல் செர்வேத்தும் அதையே கூறினார். வியப்பு என்னவெனில், அவர் அதை மருத்துவ நூலில் எழுதவில்லை. மறையியல் நூலொன்றின் நடுவே எழுதினார். அந்நூலின் மறைக் கொள்கைகளுக்காகவே 1553-இல் ஜெனீவா நகரில் அவர் உயிரோடு எரிக்கப்பட்டார். அதற்கு முன்பே பிரான்சில் கத்தோலிக்க விசாரணையாளரும் அவரைச் சிறைப்படுத்தியிருந்தனர் என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

முழு உண்மையைக் கண்டவர் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி. இவர் இத்தாலியின் பதுவைப் பல்கலைக்கழகத்தில் பயின்று 1602-இல் பட்டம் பெற்றவர். அங்கே அவருக்கு ஆசிரியராக இருந்த ஃபாப்ரிசியுஸ், சிரைகளின் உட்புறத்தில் ஆங்காங்கே சிறு சிறு மடிப்புகள் இருப்பதை ஆராய்ந்து 1603-இல் நூலாக வெளியிட்டார். அவைதாம் இன்று வால்வுகள் எனப்படுவன. ஆனால் அவற்றின் பயனை ஆசிரியர் தவறாகக் கருதிவிட்டார். இரத்தம் வேகமாகக் கீழிறங்கிக் கைகால்களில் வெள்ளமெனத் தேங்கிவிடாதபடி அவை தடுக்கின்றன என்பது அவர் எண்ணம். மாணவர் ஹார்வியோ கழுத்துச் சிரைகளை நோக்கினார். அங்குள்ள வால்வுகள் கீழ்நோக்கியே வழிவிடுகின்றன. கால்களிலோ மேல்நோக்கியே வழிவிடுகின்றன. கீழிறங்குவதைத் தடுப்பதே வால்வின் நோக்கமென்றால் கழுத்தில் மட்டும் மாறாக இருப்பானேன்? இரண்டிற்கும் பொதுவான திசை ஒன்றே: அது இதயத்தை நோக்கிய திசை.

1628-இல் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் அச்சான அவரது இலத்தீன் நூல் அளவில் சிறியது. அதில் அவர் போட்ட கணக்கு எளிமையானது. ஒரு துடிப்பில் இதயம் வெளியேற்றும் இரத்தத்தை எவ்வளவு குறைவாக மதிப்பிட்டாலும், அரை மணி நேரத்தில் வெளியேறும் இரத்தம் உடலிலுள்ள மொத்த இரத்தத்தைவிட மிகுதியாகிவிடுகிறது. இவ்வளவு இரத்தத்தை உணவிலிருந்து யாரால் உண்டாக்க முடியும்? ஆகவே அதே இரத்தமே திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்க வேண்டும்.

அவர் செய்து காட்டிய சோதனையை நீங்களும் உங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். சிரைகள் எடுப்பாகத் தெரியும் ஒருவரின் முழங்கைக்கு மேலே ஒரு துணியை ஓரளவு இறுக்கமாகக் கட்டுங்கள். முன்கையில் சிரைகள் புடைத்து, நடுநடுவே சிறு முடிச்சுகள் போலத் தெரியும். அம்முடிச்சுகளே வால்வுகள். ஒரு முடிச்சுக்குக் கீழே ஒரு விரலால் சிரையை அழுத்திக்கொண்டு, மற்றொரு விரலால் அங்கிருந்து மேல்நோக்கி, முடிச்சைத் தாண்டும்வரை வழித்துவிடுங்கள். விரலுக்கும் முடிச்சுக்கும் இடைப்பட்ட பகுதி வெறுமையாகிச் சப்பிப்போகும். மேலே இரத்தம் நிறைந்திருந்தும் ஒரு சொட்டும் கீழே இறங்காது. முதல் விரலை எடுத்த கணமே கீழிருந்து இரத்தம் வந்து நிரம்பிவிடும். சைக்கிள் டியூபிலுள்ள வால்வு காற்றை உள்ளே விடும், வெளியே விடாது. அதுவும் இதுவும் ஒன்றே. சோதனை முடிந்ததும் கட்டை அவிழ்க்க மறவாதீர்கள்.

தமனிகளின் முடிவிலிருந்து சிரைகளின் தொடக்கத்திற்கு இரத்தம் எவ்வாறு கடக்கிறது என்பதை மட்டும் ஹார்வியால் காண இயலவில்லை. அவர் 1657-இல் மறைந்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர், 1661-இல், பொலோஞ்ஞா நகரின் மல்பீகி உருப்பெருக்கியின் வழியாகத் தவளையின் நுரையீரலை நோக்கி, மயிரிழையினும் நுண்ணிய தந்துகிக் குழாய்களைக் கண்டார். வட்டம் முழுமை பெற்றது.

ஏற்றம் இறைப்பது யார்?

இதயத்திலிருந்து இரத்தம் காலுக்குச் செல்வதில் வியப்பில்லை. இதயம் தள்ளுகிறது; புவியீர்ப்பும் உதவுகிறது. திரும்பி வருவதுதான் பெரும்பாடு. தந்துகிகளின் நுண்ணிய வழிகளைக் கடப்பதற்குள் இதயம் கொடுத்த உந்துவிசையில் பெரும்பகுதி செலவழிந்துவிடுகிறது. பாதத்திலிருந்து இதயம் வரை நான்கு அடி உயரத்திற்கு மேல் இரத்தம் ஏற வேண்டும். கிணற்றில் நீர் இருந்தால் போதாது. ஏற்றம் இறைக்க ஆள் வேண்டும்.

அந்த ஆள் நம் கெண்டைக்கால் தசையே. காலின் ஆழத்தில், தசைகளுக்கு நடுவே, பெரிய சிரைகள் செல்கின்றன. நாம் ஓர் அடி எடுத்து வைக்கும்போது தசை இறுகி அச்சிரைகளைப் பிழிகிறது. கீழே போக வால்வுகள் விடா. எனவே இரத்தம் மேலே ஏறுகிறது. தசை தளரும்போது, தோலுக்கடியிலுள்ள மேற்புறச் சிரைகளிலிருந்து இரத்தம் உள்ளே வந்து நிரம்புகிறது. அடுத்த அடியில் அதுவும் மேலேறுகிறது. கெண்டைக்காலை இரண்டாவது இதயம் என்று மருத்துவர்கள் அழைப்பது இதனால்தான். நாம் மூச்சை உள்ளிழுக்கும்போது மார்புக்குள் உண்டாகும் இழுவிசையும் துணை செய்கிறது.

அசையாமல் நிற்கும் மனிதனின் கணுக்காலில் சிரையினுள் அழுத்தம் ஏறத்தாழ 90 மில்லிமீட்டர் பாதரச அளவு இருக்கும். அவனே நடக்கத் தொடங்கினால் சில அடிகளுக்குள் அது 30 அளவிற்கு இறங்கிவிடுகிறது. நடப்பது களைப்பு, நிற்பது ஓய்வு என்று நாம் எண்ணுகிறோம். காலிலுள்ள சிரையைக் கேட்டால் அது வேறு விடை சொல்லும்.

பள்ளிகளில் காலைக் கூட்டத்தின்போது ஒரு மாணவியோ மாணவனோ மயங்கி விழுவதுண்டு. காலையில் உண்ணாமல் வந்திருப்பான் என்பார்கள், அதுவும் உண்மையாயிருக்கலாம். ஆயினும் வெயிலில் அசையாது நிற்கும்போது இரத்தம் கால்களில் தேங்கி மூளைக்குச் செல்வது குறைவதே பல வேளைகளில் காரணம். அணிவகுப்பில் நிற்கும் திடகாத்திரமான படைவீரனும் இவ்வாறே விழுகிறான். விழுந்தவரை உடனே தூக்கி நாற்காலியில் உட்கார வைப்பது நம் வழக்கம்; அது தவறு. தரையிலேயே படுக்க வைத்து, கால்களை உயர்த்திப் பிடித்தால் போதும், பெரும்பாலும் விரைவில் தெளிவு பிறக்கும்.

கதவு பழுதடைந்தால்

சிரையின் சுவர் தளர்ந்து விரிந்தால், அதனுள்ளிருக்கும் வால்வின் இரு இதழ்களும் ஒன்றையொன்று தொட முடியாமல் இடைவெளி விழுகிறது. மேலேறிய இரத்தம் அவ்வழியே கீழே வழிகிறது. அந்தப் பாரம் அடுத்த வால்வின் மேல் விழுகிறது. நாளடைவில் அதுவும் பழுதாகிறது. மேல்மடை உடைந்தால் கீழ்மடையும் தாங்காது என்பதை உழவர்கள் அறிவார்கள். தோலுக்கடியில் தாங்குவதற்குத் தசையில்லாத மேற்புறச் சிரைகள் நீண்டு, புடைத்து, நெளிந்து, பச்சையும் நீலமுமாகக் கொடி போலத் தெரிகின்றன. இதுவே சுருள் சிரை. மருத்துவமனைகளில் வெரிகோஸ் வெயின் என்கிறார்கள். உள்கணுக்காலிலிருந்து தொடையிடுக்கு வரை செல்லும் நீண்ட மேற்புறச் சிரையில்தான் இது மிகுதியாக வருகிறது. உடலிலேயே மிக நீளமான சிரை அது.

யாருக்கு வருகிறது? தாய்க்கோ தந்தைக்கோ இருந்தால் மக்களுக்கு வரும் வாய்ப்பு மிகுதி. வயதும் உடற்பருமனும் காரணங்கள். கருவுற்ற தாய்மார்க்கு உடலில் இரத்தத்தின் அளவு கூடுகிறது. சுரப்புநீர்கள் சிரைச் சுவர்களைத் தளர்த்துகின்றன. வளரும் கருப்பை வயிற்றிலுள்ள பெரிய சிரைகளை அழுத்துகிறது. இவ்வாறு தோன்றும் புடைப்பு மகப்பேற்றுக்குப் பின் சில மாதங்களில் பெரும்பாலும் தணிந்துவிடும். ஒவ்வொரு பேற்றிலும் சிறிது எஞ்சுவதும் உண்டு. நெடுநேரம் நின்று உழைப்பது இவை எல்லாவற்றையும் மோசமாக்குகிறது. ஆசிரியர், சமையற்காரர், முடிதிருத்துவோர், துணிக்கடைப் பணிப்பெண், போக்குவரத்துக் காவலர், சலவைத் தொழிலாளி என்று பட்டியலை நீங்களே நீட்டிக்கொள்ளலாம்.

தொடக்கத்தில் மாலை வேளையில் கால் கனப்பதும், இரவில் கெண்டைக்கால் பிடித்து இழுப்பதும், கணுக்கால் சற்று வீங்கிக் காலையில் வடிந்துவிடுவதுமாகவே இருக்கும். பெண்கள் சேலைக்குள் மறைத்துக்கொண்டு பேசாதிருந்துவிடுகிறார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல, அழுத்தம் தாங்காமல் சிவப்பணுக்கள் திசுவினுள் கசிகின்றன. அவற்றிலுள்ள இரும்புச் சத்து படிந்து, உள்கணுக்காலைச் சுற்றித் தோல் கருத்துத் தடித்துப்போகிறது, அரிப்பு எடுக்கிறது. சொறிந்த இடத்தில் அல்லது கட்டிலில் இடித்த இடத்தில் சிறு காயம் உண்டாகிறது. அது ஆறுவதில்லை.

நோயாளிகளைக் காண வீடுகளுக்குச் செல்லும்போது இத்தகைய புண்ணோடு பத்து ஆண்டுகள், பதினைந்து ஆண்டுகள் வாழ்வோரைக் காண்கிறோம். மஞ்சள் பற்று, இலைச்சாறு, வெண்ணிறக் களிம்பு, பொடி என்று இட்டுப் பாராதது ஒன்றுமிராது. புண்ணின் வாடையால் பேரப்பிள்ளைகளைக்கூட அருகில் அழைக்கத் தயங்கும் முதியோர் இருக்கிறார்கள். புண்ணிற்கு மருந்து இடுகிறார்களே ஒழிய, புண்ணை உண்டாக்கும் அழுத்தத்திற்கு ஒன்றும் செய்வதில்லை. கசியும் வரப்பை அடைக்காமல் வயலிலிருந்து நீரை இறைத்துக்கொண்டே இருந்தால் என்ன பயன்? இப்புண்ணிற்கு உண்மையான மருந்து கட்டு. விரல்களின் அடியிலிருந்து முழங்கால் வரை, கீழே இறுக்கமாகவும் மேலே செல்லச் செல்லத் தளர்வாகவும் சுற்றப்படும் அழுத்தக் கட்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானியத் தோல் மருத்துவர் உன்னா, துத்தநாகப் பசை தோய்த்த கட்டினை இதற்கெனவே அமைத்தார். அவர் பெயரால் அது இன்றும் வழங்குகிறது. முறையாகக் கட்டி, காலை உயர்த்தி வைத்து, பழுதான சிரைக்கும் சிகிச்சை செய்தால், பல ஆண்டுப் புண்களும் சில மாதங்களில் ஆறுவதுண்டு.

ஓர் எச்சரிக்கை. காலிலுள்ள புண்ணெல்லாம் சிரைப் புண் அல்ல. நீரிழிவு நோயாளிக்கு உள்ளங்காலிலும், புகைப்பவருக்குத் தமனி அடைத்து விரல் நுனிகளிலும் வரும் புண்கள் வேறு வகை. தமனி அடைத்த காலில் இறுக்கிக் கட்டினால் கால் அழுகிவிடக்கூடும். ஆகவே பாதத்தில் நாடி துடிக்கிறதா என்று மருத்துவர் பார்த்து உறுதி செய்த பின்னரே கட்டுப் போட வேண்டும். யானைக்காலும் இதுவன்று, அது கொசுவால் பரவும் புழு நிணநீர்க் குழாய்களைக் கெடுப்பதால் வருவது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிரையில் ஓடுவது "அசுத்த இரத்தம்" என்று பள்ளிப் புத்தகங்களில் படித்தோம். அந்தச் சொல் பெருந்தீங்கு செய்திருக்கிறது என்பது என் கருத்து. கெட்ட இரத்தம் சேர்ந்துவிட்டது, அதைக் கீறி வெளியேற்றிவிட்டால் கால் குணமாகும் என்று நம்புவோர் இன்றும் உளர். உயிர்வளியைத் திசுக்களுக்குக் கொடுத்துவிட்டதால் அது கருஞ்சிவப்பாக இருக்கிறது, அவ்வளவே. நுரையீரலை அடைந்ததும் அதே இரத்தம் மீண்டும் செந்நிறம் பெறுகிறது. எடுத்தெறிய வேண்டிய இரத்தம் ஏதும் அங்கே இல்லை.

மெலிந்த தோலின்கீழ் புடைத்து நிற்கும் சிரை சிறு இடியினாலும் வெடித்துவிடலாம். வலி அதிகமிராது, ஆனால் இரத்தம் பீறிட்டு ஓடும். பயந்துபோன நோயாளி நாற்காலியில் அமர்ந்து காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, துணிமேல் துணியாகச் சுற்றிக்கொண்டிருப்பார். உட்கார்ந்திருக்கும்வரை இரத்தம் நிற்பது கடினம். தனித்து வாழும் முதியோர் இவ்வாறு உயிரிழந்ததும் உண்டு. செய்ய வேண்டியது மிக எளிது. உடனே தரையில் படுக்க வைத்து, அந்தக் காலை இதயத்தின் மட்டத்திற்கு மேலே தூக்கிப் பிடித்து, இரத்தம் வரும் இடத்தைத் தூய துணியால் விரல் வைத்து அழுத்த வேண்டும். பெரும்பாலும் சில நிமிடங்களில் நின்றுவிடும். தொடையில் கயிறு கட்டக் கூடாது. மேலே கட்டினால் சிரையில் தேக்கம் கூடுமேயன்றிக் குறையாது. பிறகு அழுத்திக் கட்டி, படுத்த நிலையிலேயே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.

மருத்துவம்

உரோமைத் தளபதி காயுஸ் மாரியுஸ் என்பவரைப் பற்றி வரலாற்றாசிரியர் புளூட்டார்க் ஒரு செய்தி கூறுகிறார். அவருடைய இரு கால்களிலும் சிரைகள் புடைத்திருந்தன. கட்டிப்போட மறுத்து, ஒரு காலை நீட்டி, முகம் சுளிக்காமல் அறுவையைத் தாங்கிக்கொண்டார். மருத்துவர் அடுத்த காலுக்கு வந்தபோது மட்டும் மறுத்துவிட்டார். கிடைக்கும் நலம் படும் வேதனைக்கு ஈடாகாது என்பது அவர் கண்ட முடிவு. மயக்க மருந்து இல்லாத அக்காலத்தில் அவர் சொன்னது நியாயமே.

இன்று அந்நிலை இல்லை. ஜெர்மானிய அறுவை மருத்துவர் டிரெண்டெலென்பர்க் 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொடையருகே சிரையைக் கட்டி அடைக்கும் முறையை வகுத்தார். பின்னர் சிரையையே உருவி எடுக்கும் முறை வந்தது. இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து, மெல்லிய குழாயைச் சிரையினுள் செலுத்தி, லேசர் கதிராலோ வானொலி அலையின் வெப்பத்தாலோ அதை உள்ளிருந்தே சுருக்கி அடைத்துவிடும் முறை பரவியுள்ளது. அவ்விடத்தை மட்டும் மரக்கச் செய்து சிகிச்சை முடிந்ததும் பலர் அன்றே நடந்து வீடு திரும்புகின்றனர். சிறிய சிரைகளுக்கு நுரை வடிவ மருந்தை ஊசியால் செலுத்துவதும் உண்டு. எது யாருக்கு ஏற்றது என்பதை, வால்வு பழுதான இடத்தை ஒலியலைப் படத்தால் கண்டறிந்தே மருத்துவர் முடிவு செய்வார்.

"நரம்பை எடுத்துவிட்டால் கால் விளங்காமல் போய்விடாதா?" என்று அஞ்சுவோர் பலர். மீண்டும் அந்தச் சொல்லே பகையாய் நிற்கிறது. எடுப்பது நரம்பை அன்று, மேற்புறச் சிரையை. காலின் இரத்தத்தில் பத்தில் ஒன்பது பங்கு ஆழத்துச் சிரைகள் வழியாகவே திரும்புகிறது. இதற்கு வேறு சான்றும் உண்டு. 1967-இல் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் மருத்துவமனையில், அர்ஜென்டீனா நாட்டவரான ஃபவலோரோ, அடைபட்ட இதயத் தமனிக்கு மாற்றுவழி அமைக்க இதே காலின் நீண்ட சிரையை எடுத்துப் பயன்படுத்தினார். இன்று நம் ஊர்களிலும் "பைபாஸ்" செய்துகொண்டோர் பலர் காலில் நீண்ட தழும்போடு நன்றாக நடமாடுகின்றனரே! அவ்வாறு எடுத்த சிரையைத் தலைகீழாகத் திருப்பியே இதயத்தில் தைக்கிறார்கள். திருப்பாவிடில் அதனுள்ளிருக்கும் வால்வுகள் இரத்தத்தை மறித்துவிடுமல்லவா?

மறைந்திருக்கும் ஆபத்து

புடைத்துத் தெரியும் சிரையைவிட, தெரியாத ஆழத்துச் சிரையில் இரத்தம் உறைவதே உயிருக்கு ஆபத்தானது. இரத்தம் குழாய்க்குள் உறைவதற்கு மூன்று காரணங்களைக் கூறுவர்: ஓட்டம் தேங்குவது, குழாயின் உட்சுவர் காயப்படுவது, இரத்தமே உறையும் இயல்பில் மிகுவது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஜெர்மானிய அறிஞர் விர்ஹோவின் பெயரோடு இது இணைத்துப் பேசப்படுகிறது. எலும்பு முறிவு, பெரிய அறுவை, புற்றுநோய், மகப்பேற்றுக்குப் பிந்தைய ஆறு வாரங்கள், சிலவகைக் கருத்தடை மாத்திரைகள், நெடுநாள் படுக்கை ஆகியவற்றில் இவ்வாபத்து கூடுகிறது.

1940-இல் இலண்டன் மாநகரின்மேல் குண்டுமழை பொழிந்தபோது, மக்கள் பதுங்கிடங்களில் சாய்வு நாற்காலிகளில் அமர்ந்தபடியே இரவெல்லாம் உறங்கினர். காலையில் எழுந்த சிலர் சற்று நடந்ததும் வீழ்ந்து மடிந்தனர். குண்டு அவர்களைத் தொடவில்லை. மருத்துவர் கீத் சிம்ப்சன் அவ்வுடல்களை ஆராய்ந்து, நாற்காலியின் சட்டம் தொடையின் பின்புறத்தை அழுத்தியதால் காலில் உறைந்த இரத்தக்கட்டி, மேலேறி நுரையீரலின் தமனியை அடைத்துவிட்டது என்று எழுதினார். நாற்காலிக்குப் பதில் படுக்கைகள் வேண்டும் என்பதே அதற்குத் தீர்வு. இரவு முழுவதும் பேருந்தில் காலை மடக்கி அமர்ந்து பயணம் செய்யும் நாமும் இதை எண்ணிக்கொள்வது நல்லது. வண்டி நிற்கும் இடங்களில் இறங்கிச் சற்று நடக்க வேண்டும்.

ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, கெண்டைக்காலில் வலியும் சூடும் இருந்தால் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். அதை ஒருபோதும் உருவி விடக் கூடாது. சுளுக்கு என்று எண்ணி உருவுகிறவரின் கை, உள்ளிருக்கும் கட்டியை நுரையீரலுக்கு அனுப்பி வைக்கக் கூடும். மூச்சுத் திணறலோ, மூச்சிழுக்கையில் நெஞ்சுவலியோ, இருமலில் இரத்தமோ தோன்றினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. உறைவைத் தடுக்கும் மருந்துகளை முறையாக உட்கொண்டால் இந்நோய் பெரும்பாலும் கட்டுப்படும். மருத்துவர் சொல்லும் காலம் வரை, நடுவில் நிறுத்தாமல் உட்கொள்ள வேண்டும்.

சிரை புடைப்பது காலில் மட்டும் நிகழ்வதன்று. ஈரல் சுருங்கி இறுகிப்போனால், குடலிலிருந்து ஈரலுக்குச் செல்லும் இரத்தம் வழியடைபட்டு, உணவுக்குழாயின் சிரைகளில் புகுந்து அவற்றைப் புடைக்கச் செய்கிறது. அவை வெடித்தால் வாயால் இரத்தம் கொட்டும். மதுவே இதற்குப் பெருங்காரணம். ஆயினும் மஞ்சள் காமாலைக் கிருமிகளாலும் ஈரலில் கொழுப்புப் படிவதாலும் மது தொடாதவர்க்கும் இது வருகிறது. ஆதலின் இரத்த வாந்தி எடுத்தவரைக் குடிகாரர் என்று முடிவு கட்டாமல் விரைந்து மருத்துவமனை சேர்க்க வேண்டும். மூலநோயை முன்னர்ச் சுருள் சிரை என்றே கருதினர். ஆசனவாயினுள் மெத்தை போல் அமைந்த திசுக்கள் சரிந்திறங்குவதே அதன் தொடக்கம் என்பது இன்றைய கருத்து. அதைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

நிற்பவர்களுக்கு ஓர் இருக்கை

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், நின்றுகொண்டே வேலை செய்ய வேண்டிய தொழிலாளர்க்கு, வேலைக்கு இடையூறின்றி வாய்க்கும் நேரங்களில் அமர இருக்கை அளிக்க வேண்டும் என்று கூறியது. கடைகளில் பணிபுரிவோர்க்கோ அவ்வுரிமை நெடுங்காலம் கிட்டவில்லை. கோழிக்கோட்டுக் கடைகளில் பணியாற்றிய பெண்கள் பல ஆண்டுகள் போராடியதன் பயனாக 2018-இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. 2021-இல் தமிழ்நாடும் 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் அனைவர்க்கும் இருக்கை வசதி வேண்டும் என்று விதித்தது. சட்டம் வந்தும் இருக்கை வராத கடைகள் உண்டு. இருக்கை இருந்தும், "வாடிக்கையாளர் பார்த்தால் மரியாதைக் குறைவாக எண்ணுவார்" என்று அமரவிடாத முதலாளிகளும் உண்டு. அந்த வாடிக்கையாளர் வேறு யாருமல்லர், நாமே. துணி எடுக்கச் செல்லும்போது அங்குள்ள பணிப்பெண்ணைப் பார்த்து, "உட்காருங்கள் அம்மா, நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லிப் பாருங்கள். முதலாளியின் காதிலும் அது விழட்டும்.

வீட்டிலும் இது உண்டு. முன்னர் அரிவாள்மணையின் முன் அமர்ந்து காய் நறுக்கிய தாய்மார்கள், சமையல் மேடை வந்தபின் எல்லாவற்றையும் நின்றுகொண்டே செய்கிறார்கள். மேடையருகே ஓர் உயரமான முக்காலி போடுவது பெரிய செலவன்று.

நின்றே தீர வேண்டியவர்கள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை குதிகாலைத் தூக்கி இறக்கலாம். பத்துப் பதினைந்து முறை செய்தால் கெண்டைக்கால் தன் ஏற்றத்தை இறைத்துவிடும். நாள்தோறும் நடப்பது நல்லது. மாலையில் வீடு திரும்பியதும் கால் மணி நேரம் படுத்து, பாதங்களைத் தலையணைகளின் மேல் இதயத்தைவிட உயரமாக வைக்கலாம். இரவில் கால் வீங்குபவர்கள் கட்டிலின் கால்மாட்டில் இரு பக்கமும் ஒவ்வொரு செங்கல் வைத்து உயர்த்திக்கொள்ளலாம். இதய நோயால் மூச்சிரைப்பு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேளாமல் இதைச் செய்ய வேண்டாம். மருத்துவர் அழுத்தக் காலுறை அணியச் சொன்னால், அதைக் காலையில் படுக்கையைவிட்டு எழுவதற்கு முன்பே, கால் வீங்கத் தொடங்குமுன் அணிந்துகொண்டு, இரவில் படுத்த பின்னரே கழற்ற வேண்டும்.